ஆர்காம் வரிசை: எந்த ஆட்டம் எதில் கெட்டி, எங்கே சறுக்குகிறது?

கடலோரக்_கன்சோல் (டர்பன்) #1

பேட்மேன் ஆர்காம் ஆட்டங்களில் எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். கேள்வியைப் பிரித்துக் கேட்போம். கைச்சண்டையில் எது? மறைந்திருந்து தாக்குவதில் எது? ஊர் அமைப்பில் எது? பாஸ் ஃபைட்டில் (முக்கிய வில்லனோடு நடக்கும் பெரிய சண்டை) எது? நான்கிலும் ஒரே ஆட்டம் முதலிடம் பிடிக்கவில்லை என்பது என் கட்சி.

எடுத்துக்கொள்வது நான்கு: அசைலம் (2009), சிட்டி (2011), ஒரிஜின்ஸ் (2013), நைட் (2015). ஒரிஜின்ஸை டபிள்யூபி கேம்ஸ் மாண்ட்ரியால் செய்தது, மற்ற மூன்றும் லண்டன் ராக்ஸ்டெடியின் கைவேலை. கையடக்கக் கருவிக்கு வந்த பிளாக்கேட், விஆர் ஆட்டங்கள், சூசைட் ஸ்க்வாட் எல்லாம் இங்கே வேண்டாம். சேர்த்தால் பேச்சு திசைமாறிவிடும். நைட் ஆட்டத்து வில்லனின் முகமூடிக்குள் இருப்பது யார் என்று யாரும் உடைக்காதீர்கள், இன்னும் ஆடாதவர்கள் இங்கே நிறைய.

முதலில் என் பக்கம். ஊர் அமைப்பில் அசைலத்தை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியவில்லை. அது ஒரே ஒரு தீவு. இன்டென்சிவ் ட்ரீட்மென்ட், மருத்துவக் கட்டடம், சிறைக்கூடம், மாளிகை, தாவரத் தோட்டம், அடியில் குகைகள். வெடிஜெல், லைன் லாஞ்சர் (கயிறு பாய்ச்சும் கருவி), அல்ட்ரா பேட்கிளா (கொக்கி எறிந்து இழுக்கும் கருவி) என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வரும்போது, முன்பு கடந்துபோன சுவர் ஒன்று ‘இப்போது உடையும்’ என்று நினைவில் வந்து நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் இடம் உண்டு, ஒவ்வொரு இடத்துக்கும் மறுவருகை உண்டு. சிட்டியில் தொடங்கி இந்தக் கட்டுக்கோப்பு தளர்கிறது. கருவி கூடக்கூட, எதையும் கட்டாயம் கையில் எடுத்தே ஆகவேண்டிய தருணம் குறைகிறது. மூன்று கருவியோடேயே ஓட்டிவிடலாம் என்றால் மற்ற எட்டும் எதற்கு?

இன்னொன்று, பயமூட்டும் வாயுவால் மிரட்டும் வில்லன் ஸ்கேர்க்ரோவின் பகுதிகள். மூன்றுதான். மூன்றாவதில் ஆட்டமே செயலிழந்து மறுபடி தொடங்குவதுபோல் காட்டுவார்கள். கன்சோல் கெட்டுப்போச்சோ என்று பயந்து அணைத்துவிட வேண்டாம், அது திட்டமிட்டுச் செய்தது.

குறை? பாஸ் ஃபைட். அதை மறைக்க மாட்டேன். டைட்டன் என்ற மருந்து ஏறிப் பூதமான அடியாட்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்: பாய்ந்து வரும்போது பேட்டராங் (வௌவால் வடிவ எறிகருவி) எறி, விலகு, சுவரில் மோதட்டும், அடி, முதுகில் ஏறு. பேன் என்ற வில்லனுக்கும் அதேதான், கூடுதலாக பேட்கிளாவால் குழாயைப் பிடுங்க வேண்டும். கடைசி ஜோக்கர் சண்டை, அவ்வளவு நேரம் கட்டியெழுப்பிய கதைக்குத் தகுந்ததல்ல.


சாட்ஸ்வொர்த்_வௌவால் #2

அண்ணே, ஊர் அமைப்பை விட்டுத்தருகிறேன். கைச்சண்டையை விட்டுத்தர மாட்டேன். அது சிட்டிக்குத்தான்.

அசைலத்தில் கத்திக்காரன் வந்தால் முதலில் (பிளேஸ்டேஷன் பொத்தான்களைச் சொல்கிறேன்) வட்டப் பொத்தானால் மேலங்கி வீசித் தடுமாற வைக்க வேண்டும், பிறகுதான் அடிக்கலாம். மின்தடிக்காரனை முன்னால் அடித்தால் ஷாக் நமக்குத்தான். தலைக்கு மேல் தாவிப் பின்னால் போக வேண்டும். எதிரி வகை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. சிட்டியில் கேடயக்காரன், கவசக்காரன் சேர்கிறார்கள். கேடயத்துக்கு மேலே தாவி மிதிக்க வேண்டும். கவசத்துக்குத் தடுமாற வைத்து, நிறுத்தாமல் சதுரத்தைத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் ஒருவன் வந்தால் எதிர்ப்பொத்தானுக்குத் தாவியே ஆகவேண்டும், இல்லையென்றால் காம்போ (தடைபடாத அடிகளின் எண்ணிக்கை) போச்சு. கத்தியை இங்கே வேறு மாதிரிச் சமாளிக்கலாம்: முக்கோணத்தை அழுத்திப் பிடித்து, ஸ்டிக்கைக் கத்திக்காரனுக்கு எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருமுறை.

புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு சதுரத்தைப் படபடவென்று தட்டுவது. இந்த ஆட்டம் அதற்குத் தண்டனை தரும். காம்போ மூன்றைத் தாண்டியதும், அடி விழும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு தட்டு போதும். கிரிட்டிகல் ஸ்ட்ரைக் மேம்பாடு வாங்கியிருந்தால் எண்ணிக்கை இரண்டிரண்டாக ஏறும். கூடுதலாக ஒரு தட்டு தட்டினாலும் அந்தப் பலன் போய்விடும். எட்டு வந்ததும் ஸ்பெஷல் தாக்குதல் திறக்கும், மேம்படுத்தினால் ஐந்திலேயே. கூட்டம் பெரிதாக இருந்தால் முதல் ஸ்பெஷலை வட்டமும் முக்கோணமும் சேர்த்து ஒரே ஆளை முடிப்பதற்குச் செலவழியுங்கள். அந்த ஆள் எழவே மாட்டான். வௌவால் கூட்டத்தை ஏவும் பேட் ஸ்வார்ம் ஸ்பெஷல் பார்க்க அழகு, ஆனால் எல்லோரும் தடுமாறி மறுபடி நிமிர்வார்கள், எண்ணிக்கை குறையாது. பலர் கீழே விழுந்து கிடக்கும்போது மட்டும் சதுரமும் குறுக்கும்.

அப்புறம் சிட்டியில் வரும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். இந்த வரிசை முழுக்க அதற்கு நிகரான பாஸ் ஃபைட் இல்லை என்பது பொதுவாகவே எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஒருமுறை வேலைசெய்த உத்தி மறுமுறை செல்லாது. தரைச் சல்லடைக்குக் கீழிருந்து பிடித்தால் அடுத்து அந்தச் சல்லடைகளை உறைய வைத்துவிடுவான். மேலிருந்து குதித்தால் அந்த வழியும் அடைபடும். மின்காந்தம், மின்சாரம் ஓடும் தண்ணீர், வெடிஜெல் பூசிய சுவர், பின்னாலிருந்து அமைதியாக, லைன் லாஞ்சரில் இருந்து என்று தேடித்தேடி ஆட வேண்டும். அண்ணன் சொன்னாரே, எட்டுக் கருவி எதற்கு என்று. இதற்குத்தான்.


லெனேசியா_பிசி #3

பிசியில் ஆடுபவர்களுக்கு, குறுக்கே புகுந்து.

அசைலம் இப்போது எந்தக் கணினியிலும் ஓடும். என்விடியா அட்டை இல்லையென்றால் ஹார்ட்வேர் ஃபிசிக்ஸை அணைத்துவிடுங்கள். காகிதம் பறப்பதும் புகை விலகுவதும் போகும், வேறொன்றும் குறையாது. யாரோ கொடுத்த கள்ளப் பிரதியில் மேலங்கி விரிந்து மிதக்காமல் படபடத்துக்கொண்டே இருந்தால் அது பழுதல்ல, திருட்டுப் பிரதிக்கென்றே வைத்த பூட்டு. விஷவாயு அறையைத் தாண்டவே முடியாது. 2019 செப்டம்பரில் எபிக் என்ற இணையக் கடை ஒரிஜின்ஸ் தவிர மற்ற மூன்றையும் இலவசமாகவே கொடுத்தது. பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நைட் வேறு கதை. 2015 ஜூனில் பிசிக்கு வந்தபோது 30 ஃப்ரேமில் பூட்டி, திக்கித்திக்கி ஓடியது. வெளிவந்த சில நாளுக்குள் விற்பனையையே நிறுத்தினார்கள். அக்டோபர் 28-இல்தான் மறுபடி கடைக்கு வந்தது, அதற்குப் பிறகும் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தார்கள். அப்போது எழுதிய குறிப்புகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. பிஎம்சிஸ்டம்செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து மேக்ஸ்எஃப்பிஎஸ் எண்ணை மாற்று என்று சொல்வார்கள். இன்றைய பதிப்புக்கு அது தேவையில்லை, மெனுவிலேயே 90 வரை வைக்கலாம். இப்போது பார்க்க வேண்டியது மூன்று. விண்டோஸ் 10-இல் நீண்ட நேரம் ஆட 12 ஜிபி ராம் என்று நிறுவனமே சொன்னது. 8 இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து இழுக்கத் தொடங்கும். பேட்மொபிலில் (பேட்மேனின் வண்டி) வேகமாகப் போகும்போது வெட்டினால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம், எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்கள். இன்டராக்டிவ் புகை, காகிதக் குப்பை இரண்டையும் அணைத்தால் நடுத்தர அட்டைக்குப் பெரிய மூச்சு கிடைக்கும். மழையை மட்டும் விட்டுவையுங்கள், அது போனால் காத்தமே (பேட்மேனின் ஊர்) போச்சு.


டோங்காட்_அக்கா #4

நைட் என்றதும் எல்லோரும் பேட்மொபிலைத் திட்டுவார்கள் என்று தெரியும். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

டாங்கிச் சண்டையைப் பலர் துப்பாக்கி ஆட்டம்போல ஆடுகிறார்கள், அதனால்தான் அலுக்கிறது. எதிரி டிரோன் சுடுவதற்கு முன் அதன் குண்டு பாயும் பாதை வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு நம்மேல் விழுந்தால் பக்கவாட்டில் பூஸ்ட். அவ்வளவுதான் தற்காப்பு. அடிவாங்காமல் தொடர்ந்து சுட்டால் இரண்டாம் ஆயுதத்துக்கான அளவி நிரம்பும். ஒரு குண்டு பட்டாலும் அது சரியும். நெருங்கிப் போய் 60 மில்லிமீட்டர் பீரங்கியால் ஒளிரும் இடத்தைக் குறிவைத்தால் ஒரே அடி. வல்கன் துப்பாக்கியை டிரோன்மேல் வீணாக்காதீர்கள், பாய்ந்து வரும் ஏவுகணைகளை நடுவானில் உடைக்க அது. அளவி நிரம்பியதும் முதலில் வைரஸ் அனுப்பி அவர்கள் டிரோனையே அவர்களுக்கு எதிராகத் திருப்புங்கள், கூட்டம் சிதறியபிறகு ஏவுகணைப் பொழிவு. இந்த ஒழுங்கில் ஆடினால் அது வௌவால் தம்பி சொன்ன கைச்சண்டையேதான், கைக்குப் பதில் சக்கரம்.

இனிக் குறை. கோப்ரா டாங்கிகள். முன்பக்கக் கவசம் துளைக்காது. பின்னால் ஒளிந்து போய் குறியைப் பூட்ட வேண்டும். பூட்டத் தொடங்கியதுமே அது திரும்பும். சுட்டுவிட்டு மற்றவை வருவதற்குள் ஓட வேண்டும். ஒருமுறை என்றால் சரி. கதையின் முக்கியமான மோதலையே இந்த அச்சில் வார்த்துவிட்டு, கூலிக்கொலையாளி டெத்ஸ்ட்ரோக்குக்கும் அதையே திருப்பிக் கொடுத்தது மன்னிக்க முடியாதது. முந்தின ஆட்டத்தில் வாளோடு நின்று ஆடிய மனிதர் இங்கே டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கிறார். நைட்டில் நேருக்கு நேர் பாஸ் ஃபைட் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அசைலத்தின் பேன் சண்டையே மேல்.

தெருக்களை வண்டிக்காக அகலமாக்கியதால் கூரையிலிருந்து கூரைக்குத் தாவும் சுகம் குறைந்தது என்பார்கள். அது உண்மையில்லை. கிராப்னல் பூஸ்ட்டை (கொக்கிக் கயிறு இழுக்கும் வேகத்தில் மேலே எகிறுவது) மேம்படுத்திக்கொண்டு ஓடும் வண்டியிலிருந்தே மேலே எகிறிப் பாருங்கள். நான்கு ஆட்டத்திலும் பறத்தல் இதில்தான் உச்சம்.


கடலோரக்_கன்சோல் (டர்பன்) #5

அக்கா, பறத்தலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிட்டியிலேயே அதற்கு வித்து இருந்தது, பலர் கவனிப்பதில்லை. வரைபடத்தில் ஏஆர் பயிற்சி என்று இருக்கும். முதல் நான்கையும் முடித்தால் கிராப்னல் பூஸ்ட் கிடைக்கும். கதை அதைக் கட்டாயப்படுத்தாது; அதனால் கடைசிவரை அது இல்லாமலே ஆடி, ‘சிட்டியில் ஊர் சுற்றுவது மெதுவாக இருக்கிறது’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள்.

வௌவால் தம்பிக்கு: ஃப்ரீஸ் சண்டை அருமை. அந்த அருமை ஒரே ஒரு அறையில்தான் இருக்கிறது என்பதே என் வாதம். அதே சிட்டியின் சாதாரணப் பதுங்கு அறைகளில் அத்தனை வழியும் திறந்தே கிடக்கும். சுவர் உச்சியில் இருக்கும் ஒரே கார்காயில் சிலையிலிருந்து தலைகீழாகத் தொங்கி ஆளை இழுப்பதையே திரும்பத்திரும்பச் செய்தாலும் ஆட்டம் தடுக்காது. ஃப்ரீஸின் விதியை எல்லா அறைக்கும் பாதியாவது கொண்டுவந்திருக்கலாம்.


சாட்ஸ்வொர்த்_வௌவால் #6

பாதி கொண்டுவந்தார்கள் அண்ணே, கொஞ்சம் பிந்தித்தான் வரும். வெப்பக் கண்ணாடி போட்டவன் மேலே சிலைகளை நிமிர்ந்து பார்ப்பான். ஜாமர் மூட்டை சுமப்பவன் டிடெக்டிவ் மோடையே (சுவருக்கு அப்பால் இருப்பவர்களையும் காட்டும் பார்வை) முடக்குவான். அவனை முதலில் எடுக்க வேண்டும். கண்ணிவெடி பதிப்பார்கள். அசைலத்தில் இருந்தது பெரும்பாலும் கழுத்துப்பட்டைதான்: ஆள் மயங்கினால் மணி அடிக்கும், மற்றவர்கள் ஓடி வருவார்கள். பின்னால் சில அறைகளில் சிலைகளுக்கு வெடி வைப்பார்கள். டிடெக்டிவ் மோடை அங்கே அணைக்கக் காரணமே இல்லை. கலைஞர்கள் வரைந்த அந்த அழகான மாளிகையை முழுக்க நீலத்தில் எலும்புக்கூடுகளாகவே பார்த்து முடித்தவர்கள்தான் அதிகம்.


டோங்காட்_அக்கா #7

பதுங்கித் தாக்குவதில் நைட்டை விட்டுப் பேசுகிறீர்களே. அங்கே சில வீரர்களிடம் டிடெக்டிவ் மோடையே மோப்பம் பிடிக்கும் கருவி உண்டு. அதிக நேரம் போட்டுவைத்தால் நம் இடம் தெரிந்துவிடும். மேலே காவல் டிரோன் சுற்றும், இயக்குபவன் தனியாக இருப்பான். மருத்துவன் விழுந்தவனை எழுப்புவான், மற்றவன் உடம்பில் மின்சாரம் ஏற்றி விடுவான். எனவே அறைக்குள் நுழைவதற்கு முன் உயரத்தில் நின்று ஒரு நிமிடம் எல்லோரையும் ஸ்கேன் செய்யுங்கள்.

டிஸ்ரப்டருக்கு (தூரத்திலிருந்தே எதிரியின் கருவியை முடக்குவது) குண்டு எண்ணிக்கை குறைவு. மருத்துவன் மூட்டைக்கு ஒன்று, மோப்பக் கருவிக்கு ஒன்று, மீதி துப்பாக்கிக்கு. பிறகு குரல் மாற்றி. தளபதி குரலில் ஒருவனைக் காற்றுக்குழாய்ப் பக்கம் தனியாக அனுப்பலாம். குழாய்க்குள் நாம் காத்திருக்கலாம். ஓசையில்லாமல் ஓர் ஆளை வீழ்த்தியதும் ஃபியர் டேக்டௌன் (பலரை அடுத்தடுத்து ஒரே மூச்சில் வீழ்த்துவது) நிரம்பும். மூன்று பேர் ஒரே இடத்தில் கூடும்வரை பொறுத்திருந்து பயன்படுத்துங்கள், மேம்படுத்தினால் ஐந்து. அதுவே இந்த ஆட்டத்தின் பலவீனமும்: ஐந்து பேரை ஒரே மூச்சில் முடித்தால் எட்டுப் பேர் அறையில் பயமே இல்லை. அசைலத்தில் கடைசி ஆள் தனியாக நின்று நடுங்கிச் சுவரைப் பார்த்துச் சுடுவானே, அந்த நீண்ட அச்சம் இங்கே வர நேரமில்லை. அதில் கன்சோல் தம்பி சொன்ன கருவிக் கணக்கு சரிதான்.


மேரிட்ஸ்பர்க்_ஜாய்ஸ்டிக் #8

ஏழு பதிவு போச்சு, ஒரிஜின்ஸைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. இந்த வரிசையில் எப்போதும் அதற்கு நடப்பது இதுதான்.

டெத்ஸ்ட்ரோக் சண்டையைப் பாருங்கள். பெங்குவினின் கப்பலில் நடக்கும். முழுக்க எதிர்த்தடுப்பு நேரத்தின்மேல் கட்டியது. சிட்டியில் தலைக்கு மேல் மின்னல் கோடு வந்ததும் முக்கோணம் தட்டிப் பழகியவர்கள் இங்கே தோற்பார்கள். ஒரு நொடி முந்தித் தட்டினாலும் அவன் அதை உடைத்துத் திருப்பி அடிப்பான். அவசரப்படாமல், அடி விழும் நேரத்துக்குக் காத்திருந்து தட்டுங்கள். அவன் தொடர்ந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தட்டுங்கள். தூரம் விலகினால் உடனே பேட்கிளாவால் இழுங்கள், இல்லையென்றால் துப்பாக்கியை எடுப்பான். ஃப்ரீஸ் மூளைக்கு என்றால் இது கைக்கு. சாதாரணச் சண்டையிலும் தற்காப்புக்கலை தெரிந்த எதிரி நம் அடியைத் தடுத்துத் திருப்புவான். நாம் மறுபடி தடுக்க வேண்டும். ராக்ஸ்டெடியே அதுவரை யோசிக்காதது.

கதையும் சிறியதல்ல. இளம் பேட்மேன், கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, எட்டுக் கூலிக்கொலையாளிகள். குரல் ராஜர் கிரெய்க் ஸ்மித். ஜோக்கருக்கு ட்ராய் பேக்கர். கெவின் கான்ராய், மார்க் ஹாமில் குரலுக்குப் பழகிய காது முதலில் முரண்டும், அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். (டிசம்பர் விடுமுறையில் டர்பன் புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பனிகொட்டும் காத்தமில் ஆட இதைவிடப் பொருத்தமானது கிடையாது.)

குறைகளையும் சொல்கிறேன், யாரும் பக்கச்சார்பு என்று சொல்லக் கூடாது.

ஷாக் கையுறை. மின்கொலைகாரன் என்ற வில்லனை ஒரே உதையில் வீழ்த்தியபிறகு அது பின்னால் நம் கைக்கு வரும். அடிக்க அடிக்க நிரம்பும், எல்3-ஐயும் ஆர்3-ஐயும் சேர்த்து அழுத்தினால் இயங்கும். அதற்குப்பின் கேடயம், கவசம், மின்தடி எதுவும் கணக்கில்லை. அவ்வளவு அழகாகக் கட்டிய சண்டையை ஒரே கருவி சாய்த்துவிடுகிறது. என் அறிவுரை: சவால் வரைபடத்தில் மட்டும் போடுங்கள், கதையில் விட்டுவிடுங்கள். ரிமோட் கிளாவும் அப்படித்தான், தூரத்திலிருந்தே ஆளைச் சிலையில் தொங்கவிடலாம்.

துப்பறியும் வழக்குகள் பார்க்கப் பிரமாதம். கீழே விழுந்த ஹெலிகாப்டரைக் காலத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் யோசிக்க இடமில்லை, ஸ்கேனர் காட்டும் இடத்தில் பொத்தானை அழுத்துவதுதான். அசைலத்தில் மதுவாடையையும் புகையிலைத் தூளையும் பின்தொடர்ந்ததைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

ஊர் இரண்டு தீவு, நடுவில் பயனியர்ஸ் பாலம். அந்தப் பாலத்தில் பறப்பது பெரிய சலிப்பு. எனிக்மா என்ற வில்லனின் கோபுரங்களை உடைத்தால் அந்தப் பகுதிக்கு பேட்விங் (பேட்மேனின் விமானம்) வழி வேகப்பயணம் திறக்கும், எனவே முதல் வேலை அது. இங்கேதான் பெயர்பெற்ற கோளாறும்: பர்ன்லி கோபுரத்தில் காற்றுக்குழாய்க்குள் போகும் இடத்தில் ஆட்டம் சிக்கிக்கொள்ளும், கீழே விழுந்துகொண்டே இருக்கும். திருத்தம் வந்த பதிப்பில் சரி. இணையத்தோடு இணைக்காத கன்சோலில் பழைய ஆட்டத் தட்டை (டிஸ்க்) போட்டால் மாட்டும். 2014 பிப்ரவரியில், கதை விரிவாக்கத்தில் வேலை செய்கிறோம், அடுத்த திருத்தத்துக்குத் திட்டமில்லை என்று தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். ஆட்டத்தின் பெயர் கெட்டதற்கு அந்த அறிவிப்பு பெரிய காரணம்.

டார்க் நைட் சவால்களை எச்சரிக்கையோடு அணுகுங்கள். ஒவ்வொரு தடத்திலும் வரிசைப்படிதான் திறக்கும். பதுங்கித் தாக்கும் தடத்தில் ‘இன்ன விதமாக ஓர் ஆளை வீழ்த்து’ என்று கேட்கும். அதற்கு உரிய அறைகள் கதையில் குறைவு. அறையைச் சும்மா முடித்துவிட்டால் வாய்ப்பு போனது, நியூ கேம் ப்ளஸ்தான் (முடித்த ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடுவது) வழி. ஒவ்வொரு பதுங்கு அறைக்கும் முன்னால் மெனுவைத் திறந்து அடுத்தது என்ன என்று பாருங்கள்.

பலர் சேர்ந்து ஆடும் பகுதியின் சர்வர்கள் 2016 டிசம்பரிலேயே மூடப்பட்டன. பெட்டியின் பின்னட்டையில் அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.


ஃபீனிக்ஸ்_புதுவரவு #9

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பிஎஸ்4. இணையம் ப்ரீபெய்டு டேட்டாதான், ஆகவே தட்டாக வாங்க வேண்டும். நான்கில் எது கிடைக்கும், எந்த ஒழுங்கில் ஆடலாம்? மின்சாரம் திடீரென்று போனால் சேவ் அழியுமா?


கடலோரக்_கன்சோல் (டர்பன்) #10

வாங்க தம்பி. பிஎஸ்4-க்கு இரண்டு தட்டு போதும். ரிட்டர்ன் டு ஆர்காம் (2016) என்ற தொகுப்பில் அசைலமும் சிட்டியும் கூடுதல் பகுதிகளோடு உண்டு. பழைய பிஎஸ்3 சிட்டித் தட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கினால் கேட்வுமன் பகுதிக்கான ஒற்றைப் பயன்பாட்டுக் குறியீடு ஏற்கெனவே பயன்பட்டிருக்கும், புதிர் போடும் வில்லன் ரிட்லரின் 440 சவாலில் அவளுடைய 40 கைக்கு வராது. இந்தத் தொகுப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஒளியமைப்பை மாற்றியதில் சில முகங்களும் இரவு நிறமும் மூலத்தைவிடச் சப்பென்று இருக்கின்றன. சிட்டியில் ஃப்ரேம் சீராக இராது. ஆட்டம் கெடாது. இரண்டாவது தட்டு நைட். 30 ஃப்ரேமில் நிதானமாக ஓடும்.

ஒரிஜின்ஸ் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ யூ அல்லது பிசிதான்.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: 2023 டிசம்பரில் வந்த முத்தொகுப்பின் அட்டையில் அசைலம் மட்டுமே இருக்கிறது, மற்ற இரண்டையும் இறக்க வேண்டும். ப்ரீபெய்டு டேட்டாவுக்கு அது ஆகாது. போதாக்குறைக்கு நைட் அதில் திணறுகிறது.

மின்சாரம் பற்றி: இந்த ஆட்டங்களில் நாமாகச் சேவ் செய்ய வழியில்லை, எல்லாம் ஆட்டோசேவ். திரையில் சுழலும் சின்னம் தெரியும்போது மின்சாரம் போனால்தான் கோப்பு கெடும் ஆபத்து. லோட்-ஷெட்டிங் (முன்கூட்டி அறிவிக்கும் மின்வெட்டு) அட்டவணை இருக்கும் நாளில் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன் மெயின் மெனுவுக்கு வந்து கன்சோலை முழுதாக அணையுங்கள். ரெஸ்ட் மோடில் விட வேண்டாம், அதுவும் மின்சாரம் இழுக்கும் நிலைதான். வாரம் ஒருமுறை செட்டிங்ஸில் அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட் போய், சிஸ்டம் ஸ்டோரேஜிலிருந்து யுஎஸ்பிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. ரௌட்டருக்கு விற்கும் சின்ன யுபிஎஸ் கன்சோலைத் தாங்காது.

நைட் ஆடும்போது விசிறி கத்தும். கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து உள்ளே கட்டியாகும். பின்பக்கத் துளைகளையும் விசிறியையும் மென்தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு, அலமாரிக்குள் அடைக்காமல் வெளியே வைத்து ஆடுங்கள்.


டோங்காட்_அக்கா #11

ஒழுங்கு: அசைலம், சிட்டி, நைட். சிட்டி கைக்குப் பழகிய பிறகு அசைலத்துக்குத் திரும்பினால் உடம்பு கனத்ததுபோல் இருக்கும். அதனால் ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். அசைலத்தில் கில்லர் கிராக் சாக்கடைப் பகுதி வரும்போது மட்டும் பொறுமை. ஐந்து மாதிரி சேகரிக்க வேண்டும். ஓடினால் அவன் கேட்டுவிடுவான், நடங்கள். தண்ணீரிலிருந்து எழுந்து பாய்ந்தால் கழுத்துப்பட்டையில் பேட்டராங். அவ்வளவுதான் அந்தச் சண்டை, ஆனால் நடை நீளம். அது ஆட்டத்தின் மிக மெதுவான இடம், அதைத் தாண்டிவிட்டால் பிறகு தொய்வில்லை.


லெனேசியா_பிசி #12

ரிட்லரைப் பற்றி ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அசைலத்தில் 240. ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரைபடம் உண்டு, அறையின் அமைப்பைக் கவனித்தால் விடை. சிட்டியில் 440, பாதிக்கு மேல் எண்ணிக்கைக்காக வைத்தது. நைட்டில் 243. முழு முடிவைப் பார்க்க அத்தனையும் கட்டாயம், கதை முடிவைப் பூட்டிவைத்து அலையவைப்பது நியாயமல்ல. சிட்டியின் தனித்தனிப் பக்க மிஷன்கள் நல்லவை: ஜாஸ் என்ற கொலைகாரன் அழைக்கும் தொலைபேசிக்கு ஓடுவது, முகம் திருடுபவனைத் தேடுவது, குறிபார்த்துச் சுடும் டெட்ஷாட்டைப் பிடிப்பது. நைட்டில் அந்த இடத்தில் சோதனைச்சாவடி, காவல்கோபுரம், கவசவண்டித் துரத்தல் என்று ஒரே வேலையைப் பலமுறை.


மேரிட்ஸ்பர்க்_ஜாய்ஸ்டிக் #13

அந்தக் கவசவண்டித் துரத்தல் எனக்கு அலுக்கவில்லை, ஆனால் கணக்கு சரி.


ஃபீனிக்ஸ்_புதுவரவு #14

நன்றி அக்கா, அண்ணன்மாரே. அசைலத்தில் தொடங்குகிறேன். ரிட்லர் கோப்பைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா, இல்லை வழியிலேயே எடுக்க வேண்டுமா?


சாட்ஸ்வொர்த்_வௌவால் #15

அசைலத்தில் வழியிலேயே எடுக்காதே தம்பி, பாதிக்கு மேல் பின்னால் வரும் கருவி இல்லாமல் திறக்காது. அந்தந்தக் கட்டடத்தில் ரிட்லரின் வரைபடத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள். அல்ட்ரா பேட்கிளாவும் லைன் லாஞ்சரும் கைக்கு வந்தபிறகு ஒரே சுற்றில் முடித்துவிடலாம். கதை முடிந்தபிறகும் தீவில் சுற்றலாம், எதுவும் பூட்டாது. சிட்டிக்கு வரும்போது டிடெக்டிவ் மோடில் பச்சையாகத் தெரியும் அடியாளைக் கவனி. அவனைக் கடைசியாக வைத்து மற்றவர்களை முடி. அவனைப் பிடித்து விசாரித்தால் கோப்பைகள் வரைபடத்தில் விழும். கூட்டத்தோடு சேர்த்து அவனையும் அடித்துவிட்டால் அந்தத் தகவல் போனது, அடுத்த பச்சை ஆளைத் தேட வேண்டும். பேட் ஸ்வார்ம் வேண்டாம் என்றேனே, பச்சை ஆள் கூட்டத்தில் இருந்தால் பல பேரை ஒரேயடியாய் வீழ்த்தும் தரைத்தாக்குதலும் வேண்டாம்.